கப்பல் ஊரும் காணாமல் போன கணவர்களும்

904-ஆம் ஆண்டு சீனப் பேரரசர் ஜாவ்ஸோங்குக்கு நேரம் சரியில்லை. பேரரசர் என்று பெயர்தான். குடுமி ஜூ வென் என்ற தளபதியின் கையில் இருந்தது. அந்த ஆள் ஒருநாள், தலைநகரம் சாங்ஆனில் இருந்தது போதும், லுவோயாங்குக்குக் குடிபோகலாம் என்று சொல்லிவிட்டான். வாடகை வீட்டுக்காரராவது ஒரு மாதம் தவணை தருவார். ஜூ வென் அதுவும் தரவில்லை. அரண்மனைகளைப் பிரித்து, உத்திரம், விட்டம், தூண் எல்லாவற்றையும் வெய் ஆற்றில் மிதக்கவிட்டு அனுப்பினான். பின்னாலேயே பேரரசரையும் அனுப்பினான்.

போகிற வழியில் மகாராணிக்குப் பிரசவ வலி. ஆண் குழந்தை. ஜூ வென் கையில் சிக்கினால் குழந்தை பிழைக்காது. அரச பரிவாரத்தில் தெற்கே வூயுவானைச் சேர்ந்த ஹூ என்பவர் ஒருவர் இருந்தார். அவர் குழந்தையைத் துணியில் சுற்றி இடுக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதே ஆண்டில் பேரரசரை ஜூ வென் தீர்த்துக்கட்டினான். மூன்றே ஆண்டில் தாங் வம்சமே முடிந்தது.

இது ஹூ குலத்தாரின் வம்சாவளி ஏடு சொல்லும் கதை. "எங்கள் பரம்பரையில் இளவரசர் யாரும் கிடையாது" என்று எழுதிவைத்த வம்சாவளி ஏட்டை உலகத்தில் நான் இன்னும் பார்த்ததில்லை. ஆனாலும் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் பிற்பாடு வருகிறது. ஹூ சாங்யீ என்ற பெயரில் வளர்ந்த பையன் படித்து, 925-இல் மிங்ஜிங் என்ற அரசுத் தேர்விலும் தேறிவிட்டான். அப்போதுதான் வளர்ப்புத் தந்தை உண்மையை உடைக்கிறார்: தம்பி, நீ ஹூ இல்லை, லீ, உன் அப்பா கடைத்தெரு ஆசாமி இல்லை, பேரரசர். சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் இடைவேளை விட்டு, பையன் வாளை உருவிக்கொண்டு கிளம்புவான். சாங்யீ கிளம்பவில்லை. அரசு வேலையே வேண்டாமென்று ஊரோடு தங்கி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டான். அந்தக் காலத்தில் ஏறத்தாழ ஐம்பது வருடத்துக்குள் ஐந்து வம்சங்கள் வடக்கே ஆட்சிக்கு வந்து போயின. சிம்மாசனத்தில் உட்காருபவருக்கு ஆயுள் காப்பீடு யாரும் தரமாட்டார்கள். பையனுக்குக் கணக்கு நன்றாக வந்திருக்கிறது. அந்தக் கணக்கு மூளைதான் பின்னால் அவன் பேரன்மாரை அடகுக்கடை முதலாளிகளாக்கியது என்பது என் சொந்த ஆராய்ச்சி.

பெயர் ஹூ, ரத்தம் லீ. அதனால் இந்தக் குலத்தார் லீ குடும்பங்களில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் கிடையாது, பங்காளி முறையாகிவிடுமாம். ஆட்சி போய் ஆயிரத்து நூறு வருடமாகிவிட்டது. முறை போகவில்லை.

சாங்யீயின் ஐந்தாம் தலைமுறையில் வந்த ஹூ ஷிலியாங், 1047-இல் மலைகளுக்கு நடுவே ஓர் இடத்தைப் பார்த்து மயங்கிக் குடியேறினார். சீனத்தில் ஆறு என்றால் கிழக்கே கடலைப் பார்த்து ஓடும். இங்கே ஓடை மேற்கே ஓடியது. எல்லாரும் போகிற பக்கம் போகாத ஓடையைப் பார்த்ததும், தலைமறைவு இளவரசரின் வாரிசுக்கு மனசுக்குள் ஏதோ ஆகியிருக்க வேண்டும். அந்த ஊர்தான் ஷீதி. ஆன்ஹுய் மாகாணத்தின் தெற்கு மூலையில், யீ மாவட்டத்தில் இருக்கிறது. 2000-இல் பக்கத்து ஊரான ஹோங்சுன்னோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிவிட்டது.

இந்த வட்டாரத்துக்கு முன்பு ஹுய்ஜோ என்று பெயர். ஆன்சிங், ஹுய்ஜோ என்ற இரண்டு ஊர்ப் பெயர்களின் முதல் எழுத்தைச் சேர்த்துத்தான் மாகாணத்துக்கே ஆன்ஹுய் என்று பெயர் வைத்தார்கள். 1987-இல் யாருக்கோ சுற்றுலா ஞானம் பிறந்து, பக்கத்து மலை பிரபலமாயிற்றே என்று ஹுய்ஜோவை ஹுவாங்ஷான் நகரம் என்று மாற்றிவிட்டார்கள். இப்போது மாகாணத்தின் பெயரில் பாதிக்கு முகவரி கிடையாது. இதைப் பற்றி அந்தப் பக்கத்து ஆட்களிடம் வாயைக் கொடுத்தால், பஸ் போய்விடும், பேச்சு முடியாது.

நான் போன பஸ் காலை ஒன்பதுக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டது. நுழைவுச் சீட்டுக்கு நூற்றுச் சொச்சம் யுவான் வாங்கினார்கள். ஒரு கிராமத்துக்குள் நுழைய இவ்வளவா என்று முனகிக்கொண்டே போனால், எடுத்த எடுப்பில் ஒரு கல்தோரண வாயில் நிற்கிறது. 12 மீட்டருக்கு மேல் உயரம், 1578-இல் கட்டியது. ஊர்க்காரர் ஹூ வென்குவாங், ஜியாவ்ஜோ என்ற ஊரில் ஆட்சியராக இருந்தார், நன்றாக வேலை பார்த்தார் என்பதற்காகப் பேரரசர் அனுமதித்த வாயில். மதில் இல்லை, கதவு இல்லை. ஊர் ஒரு பக்கம், வாயில் ஒரு பக்கம். பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். நடுத்தூண்களை முட்டுக்கொடுத்துத் தாங்கும் கற்சிங்கங்கள் தலைகீழாகப் பாய்கின்றன. நான்கு நூற்றாண்டாக அதே நிலை. பதவி உயர்வு எதுவும் இல்லை.

ஊர் கப்பல் வடிவத்தில் இருக்கிறது என்கிறார்கள். சுற்றிலும் மலை. கடல் எங்கோ இருக்கிறது. ஆனாலும் கப்பல்தான், சந்தேகமே கூடாது. வாசலில் வரிசையாக நின்ற தோரண வாயில்கள் பாய்மரமாம். மொத்தம் பதின்மூன்று இருந்தன என்பது ஊர்க்கதை. கலாசாரப் புரட்சியில் பன்னிரண்டை உடைத்துவிட்டு, இந்த ஒன்றை மட்டும், "பழைய காலத்து நிலப்பிரபுத்துவ ஆணவம் எப்படி இருந்தது பாருங்கள்" என்று மக்களுக்குக் காட்டும் கெட்ட உதாரணமாக விட்டுவைத்தார்களாம். கெட்ட பெயர் எடுத்ததால் உயிர் பிழைத்த கல். அந்தக் கெட்ட உதாரணத்தோடு இன்று எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்தேன்.

உள்ளே நுழைந்தால் சந்துகள். இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர், மேலே கறுப்பு ஓடு. சுவர் இரண்டாள் உயரத்துக்கு மேல் போகிறது, ஜன்னல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. எட்டாத உயரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு பொத்தல். கூரைக்கு மேலே படிபடியாக எழும் சுவர்முனைகளுக்குக் குதிரைத்தலைச் சுவர் என்று பெயர். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குத் தாவாமல் தடுக்கத்தான் அவை வந்தன. 1500-களின் தொடக்கத்தில் ஹே ஷின் என்ற ஆட்சியர் வீட்டுத் தொகுதிகளுக்கு இடையே தீச்சுவர் எழுப்பச் சொல்லி உத்தரவு போட்ட பிறகு பரவிய வழக்கம். தீயணைப்புத் துறையின் சுற்றறிக்கை ஒன்று ஐந்நூறு வருடம் கழித்து அஞ்சலட்டைப் படமானது உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது.

சுற்றுலாக்காரர்கள் இந்தச் சந்தில் நின்று, ஆகா, என்ன எளிமை, என்ன அமைதி என்று பெருமூச்சு விடுகிறார்கள். எளிமையா? ஏமாந்துவிடாதீர்கள். மிங் காலத்துச் சட்டப்படி சாதாரணக் குடிமகன் வீட்டு முகப்பு மூன்று அங்கணத்துக்கு மேல் போகக் கூடாது, வண்ணம் தீட்டக் கூடாது. வியாபாரி எவ்வளவு பணக்காரனானாலும் அரசாங்கக் கணக்கில் அவன் கடைசி: முதலில் படித்தவன், பிறகு உழவன், பிறகு கைவினைஞன், அப்புறம்தான் வியாபாரி. ஹுய்ஜோக்காரர்களோ உப்பு, தேயிலை, மரம், அடகு என்று சீனம் முழுக்கக் கடை விரித்தவர்கள். பெட்டியில் வெள்ளி நிரம்பி வழிகிறது, வாசலில் காட்ட வழியில்லை. என்ன செய்வார்கள்? வெளியே வெள்ளையடித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செதுக்கினார்கள். செங்கல்லில், கல்லில், மரத்தில், விட்டத்தில், ஜன்னல் சட்டத்தில், சட்டத்தின் மூலையில். பார்க்கப் பார்க்கக் கழுத்து வலிக்கிறது. சந்தில் தெரிகிற அடக்கம் வருமான வரிக்காரர் வரும்போது காட்டுகிற அடக்கம்.

வீட்டுக்கு நடுவே வானம் பார்த்த முற்றம். நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிவதால் மழை முழுக்க வீட்டுக்குள்ளேயே கொட்டும். தண்ணீர் என்றால் பணம். நம் பணம் அடுத்தவன் நிலத்துக்குப் போகலாமா? அதனால் பெய்கிற மழையைக்கூட வெளியே விடவில்லை. கருமித்தனத்துக்கு இவ்வளவு அழகான கட்டடக்கலை விளக்கம் வேறு யாரும் கண்டுபிடித்ததில்லை.

முற்றத்துக்கு எதிரே கூடம். கூடத்தில் நீள மேசை, அதன்மேல் மூன்று பொருள்: நடுவில் கடிகாரம், கிழக்கே ஜாடி, மேற்கே கண்ணாடி. எந்த வீட்டுக்குப் போனாலும் இதேதான். கடிகாரத்துக்கு ஜோங், ஜாடிக்குப் பிங், கண்ணாடிக்கு ஜிங். கடிகாரம் அடிக்கிற ஓசையையும் சேர்த்துப் படித்தால் "வாழ்நாள் முழுதும் அமைதி" என்று சிலேடை வருகிறதாம். அமைதிக்கு என்ன குறைச்சல்? வீட்டில் ஆண்பிள்ளை இருந்தால்தானே சத்தம்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. இந்த ஊர்களைக் கட்டிய ஆண்கள் இந்த ஊர்களில் வாழவே இல்லை. ஹுய்ஜோவில் மலை அதிகம், வயல் கொஞ்சம். விளைவது பாதி வயிற்றுக்குக் காணாது. பையனுக்குப் பதின்மூன்று, பதினான்கு ஆனதும் வெளியூர்க் கடைக்குத் துரத்திவிடுவார்கள். போன ஜென்மத்தில் புண்ணியம் சேர்க்காதவன்தான் ஹுய்ஜோவில் பிறப்பான் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு சொலவடை உண்டு. போவதற்கு முன் ஒரு கல்யாணம் செய்துவைத்துவிடுவார்கள், திரும்பி வர ஒரு பிடிமானம் வேண்டுமே. அப்புறம் கணவன் யாங்ஜோவிலோ ஹாங்ஜோவிலோ. சில வருடத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. பணம் மட்டும் ஒழுங்காக வரும். வீடு வளரும். ஜன்னல் மட்டும் வளராது. திருடனுக்குப் பயந்து என்பார்கள். திருடனுக்கு மட்டுமா பயம் என்று அந்தப் பொத்தலைப் பார்த்தாலே தெரியும்.

கூடத்தில் இரண்டு அரைவட்ட மேசைகள் உண்டு. கொடி பிடித்த வழிகாட்டிகள் அத்தனை பேரும் இதன் எதிரில் நின்று குரலைத் தாழ்த்துகிறார்கள். வீட்டுக்காரர் ஊரில் இருந்தால் இரண்டையும் சேர்த்து முழுவட்டமாகப் போடுவார்களாம். வெளியூர் போயிருந்தால் பிரித்துச் சுவரோடு ஒட்டிவிடுவார்களாம். வருகிற ஆண் விருந்தாளி அதைப் பார்த்துவிட்டு, தேநீர்கூடக் கேட்காமல் திரும்பிப் போக வேண்டும். ஆளில்லா வீட்டுக்கு அறிவிப்புப் பலகை. எனக்கு உடனே தோன்றிய கேள்வி: திருடனும் இதைப் படிக்கத் தெரிந்தவன்தானே?

சிரித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். போன கணவன் திரும்பியே வராத பெண்களும் இங்கே இருந்தார்கள். முப்பது வயதுக்குள் விதவையாகி, ஐம்பது வரை மறுமணம் செய்யாமல் இருந்தால் அரசாங்கம் கௌரவிக்கும். குலத்துக்குப் பெருமை, சில இடங்களில் தோரண வாயில்கூடக் கிடைக்கும். அந்த இருபது வருடத்தை எப்படிக் கழித்தார்கள் என்பதற்கு இந்தப் பக்கம் ஒரு கதை சொல்கிறார்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு நூறு செப்புக் காசைத் தரையில் இறைத்துவிடுவாளாம் ஒருத்தி. இருட்டில் தடவித் தடவி நூறையும் பொறுக்கி முடிக்கும்போது பொழுது விடிந்துவிடும். அவள் செத்தபோது காசுகள் எழுத்தெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தனவாம். வாயிலைக் கட்டிக்கொடுத்தவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

ஊரின் பெரிய பணக்காரர் ஹூ குவான்ஸான். சிங் வம்சக் காலத்து ஆள். 36 அடகுக்கடைகள் வைத்திருந்தார் என்கிறார்கள். இவருக்குச் சம்பந்தி முறையானவர், அதே ஹுய்ஜோவைச் சேர்ந்த பெரிய மந்திரி ட்சாவ் ஜென்யோங். மூன்று பேரரசர்களிடம் வேலை பார்த்து, பதவி போகாமல் கண்ணை மூடிய அபூர்வப் பிறவி. இது எப்படி முடிந்தது என்று சிஷ்யன் கேட்டதற்கு, நிறையக் கும்பிடு, கொஞ்சமாகப் பேசு, அவ்வளவுதான் என்றாராம். சம்பந்தி வருகிறார் என்று ஓடைக்கரையில் ஹூ ஒரு மாடிக்கட்டடமே எழுப்பினார் என்பது ஊர்க்கதை. மந்திரிகள் வருகிறார்கள் என்று சாலைக்குத் தார் போடுகிற பழக்கத்தின் மூதாதை அங்கே இன்னும் நிற்கிறது.

கொஞ்சம் தள்ளி ஒரு வீடு, 1691-இல் கட்டியது. சந்து திரும்புகிற இடத்தில் வீட்டின் மூலை ஓரடி உள்வாங்கியிருக்கிறது. மேலே, "ஓர் அடி பின்வாங்கி யோசி" என்ற பொருளில் நான்கைந்து எழுத்துகள். வருகிறவர் போகிறவர் இடித்துக்கொள்ளாமல் இருக்க வீட்டுக்காரரே இடம் விட்டாராம். பொதுச் சந்துக்குச் சொந்த நிலத்தை விட்டுக்கொடுத்த மனிதர்! என் தெருவில் ஒரு படிக்கட்டு ஒவ்வொரு தீபாவளிக்கும் சாலைக்குள் அரையடி நகர்ந்து வருகிறது. அதை நினைத்துக்கொண்டு அந்த மூலையைத் தொட்டுக் கும்பிட்டேன். பின்னால் வந்த குழு ஏதோ சடங்கு என்று நினைத்து வரிசையாகத் தொட்டது.

மறுநாள் ஹோங்சுன். 1131-இல் வாங் குலத்தார் அமைத்த ஊர். ஷீதி கப்பல் என்றால் ஹோங்சுன் மாடு. மலைமுகடு தலை, இரண்டு பெரிய மரங்கள் கொம்பு, வீடுகள் உடம்பு, நான்கு பாலங்கள் கால், வீட்டு வாசல்தோறும் ஓடுகிற கால்வாய் குடல், நடுவே உள்ள குளம் வயிறு. மேலே இருந்து பார்த்தால் மாடு தெரியும் என்றார்கள். ஏறிப் பார்த்தேன், ஊர் தெரிந்தது. மாட்டைத் தெரிய வைக்க இன்னும் கொஞ்சம் பக்தி வேண்டும் போலிருக்கிறது. வீட்டுக்கு வீடு தண்ணீர் கொண்டுபோன ஏற்பாடு மட்டும் நிஜம், அது இன்றும் ஓடுகிறது. காலையில் முதலில் குடிக்க மொண்டுகொள்ள வேண்டும், துணி துவைப்பது அதற்கப்புறம்தான் என்று கட்டுப்பாடே இருந்ததாம். குடல் தண்ணீர் ஆயிற்றே, வரிசை முக்கியம்.

பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் குளத்தை வெட்டவைத்தவர் ஹூ சோங் என்ற பெண். கணவர் வழக்கம்போல வெளியூர் உத்தியோகம். ஷீதியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர் என்று ஷீதிக்காரர்கள் காலரைத் தூக்கிக்கொள்கிறார்கள். குளத்தை முழுவட்டமாக வெட்டலாம் என்று ஆண்கள் சொல்ல, முழுநிலா அடுத்த நாளே தேயும், அரைநிலாவாக வெட்டுங்கள் என்றாராம். வெட்டினார்கள். பெண்கள் கால் வைக்கக் கூடாது என்றிருந்த குலக்கோயிலில் இன்று அவர் படம் தொங்குகிறது. ஆங் லீயின் 'க்ரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தில் இந்தக் குளத்துத் தண்ணீர்மேல்தான் ஓடி மறைவார்கள். அது ஒரு வயிறு என்று அவர்களுக்கு யாராவது சொன்னார்களோ என்னவோ.

இங்கே உப்பு வியாபாரி வாங் திங்குய் 1855-இல் ஒரு மாளிகை கட்டினார். 1855 என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். தைப்பிங் கலகம் தென்சீனத்தைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்த நேரம். நான்ஜிங் கலகக்காரர்கள் கையில். வாங் அசரவில்லை, விட்டத்துக்குத் தங்க முலாம் பூசிக்கொண்டிருந்தார். சீட்டுக்கட்டைகள் அடுக்கி ஆடுகிற மாஜோங்குக்குத் தனி அறை. அபினி புகைக்கத் தனி அறை. அதற்கு மேகம் விழுங்கும் அறை என்று பெயர். கவிஞர்தான். அவர் போட்ட பெரிய போடு பக்கக் கதவுகளின் மேலே இருக்கிறது. கதவுத் தலைப்பின் செதுக்கலை, 'வியாபாரி' என்பதற்கான சீன எழுத்தின் வடிவில் அமைத்திருக்கிறார். அதில் ஒரு பகுதி குறையும். கீழே ஆள் வந்து நின்றால் எழுத்து முழுமையாகும். வீட்டுக்கு வருகிற அதிகாரி, பண்டிதர், ஆட்சியர் யாரானாலும் அந்த எழுத்துக்கு அடியில் நுழைந்துதான் போக வேண்டும். வரிசையில் கடைசியில் நிறுத்தப்பட்டவன் தன் வீட்டுக்குள் வரிசையைத் திருத்திக்கொண்டான். கலாசாரப் புரட்சியின்போது இந்தச் செதுக்கல்களை மண் பூசி மறைத்து, மேலே மாவோவின் வாசகங்களை எழுதிவைத்துக் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். சுத்தியலோடு வந்தவன் வாசகத்தின்மேல் சுத்தியலை ஓங்குவானா?

ஹுய்ஜோ வீடுகளில் அதிகம் சம்பாதித்த வீடு இவற்றில் எதுவும் இல்லை. ஷியூநிங் பக்கம் ஹுவாங் குடும்பத்தின் பதினாறு படுக்கையறை வீடு ஒன்று இருந்தது. இருநூறு வருடம் வாழ்ந்து எல்லாரும் நகரத்துக்குப் போய்விட, அமெரிக்காவின் சேலம் நகரத்தில் உள்ள பீபாடி எஸெக்ஸ் அருங்காட்சியகம் அதைக் கழற்றிக் கப்பலில் ஏற்றி, அங்கே மறுபடி பூட்டி 2003-இல் திறந்தது. ஆண்கள் போய்ப் போய் அலுத்த ஊரில், கடைசியில் வீடே வேலைக்குப் போய்விட்டது.

இரவு ஷீதிக்குத் திரும்பினேன். ஐந்து மணிக்கு மேல் கொடி பிடித்த வழிகாட்டிகள் யாரும் இல்லை. ஓடைச் சத்தம் கேட்கிறது. நான் தங்கிய வீட்டு அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். மூங்கில் தட்டில் காய்ந்த மிளகாயை முற்றத்திலிருந்து அள்ளிக்கொண்டிருந்தார். கூடத்தைப் பார்த்தேன். கடிகாரம், ஜாடி, கண்ணாடி. அரைவட்ட மேசைகள் இரண்டும் பிரிந்து சுவரோடு ஒட்டிக் கிடந்தன. எனக்குத் தொண்டை அடைத்தது. இத்தனை நூற்றாண்டு கழிந்தும் இந்த வீட்டுக்காரரும் எந்த ஊரில் யாருடைய கடையில் நிற்கிறாரோ! நாகரிகமாகத் திரும்பிப் போய்விட வேண்டும். ஆனால் முன்பணம் கொடுத்திருந்தேன். செல்போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து, குரலைத் தாழ்த்தி, மேசைகளைக் காட்டி, ஐயா வெளியூரிலா என்று கேட்டேன்.

அந்த அம்மா செல்போனைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பேசினார். மொழிபெயர்ப்பு சொன்னது: "சேர்த்துப் போட்டால் ஸ்கூட்டர் உள்ளே வராது."

வாசல் பக்கம் திரும்பினேன். மின்சார ஸ்கூட்டர் ஒன்று கூடத்தின் நடுவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து கனத்த குரல் ஒன்று ஏதோ கேட்டது. அந்த அம்மா பதில் கொடுத்ததும் கைலியைப்போல எதையோ இடுப்பில் சுற்றிய பெரியவர் ஒருவர், ஹுய்ஜோவின் பெருமையான அழுகல் மீன் குழம்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். வியாபாரிகள் மலைதாண்டித் தொட்டியில் கொண்டுவருவதற்குள் கெட்டுப்போன மீனைத் தூக்கிப்போட மனசில்லாமல் சமைத்ததில் பிறந்ததாகச் சொல்லப்படும் பதார்த்தம் அது. வாடை அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. தட்டை வைக்க இடம் தேடினார். ஸ்கூட்டரை ஒரு பக்கமாகத் தள்ளி, மேசைகளில் ஒன்றை மட்டும் காலால் இழுத்துப்போட்டு, என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.